தோற்றவன் மொழி

போட்டியில் வென்றவன் பெயர் நிலைப்பதும் தோற்றவன் பெயர் மறைவதும் உலகியல்பு. அவ்வியல்புக்கு மாறாகத் தோற்றவன் பெயரையே தன் பெயராகக் கொண்ட பழம்பாடல் ஒன்று ஐஸ்லாந்து மொழியில் இருக்கிறது. 'வஃப்த்ரூத்னிஸ்மால்' என்பது அதன் பெயர். 'வஃப்த்ரூத்னிரின் மொழிகள்' எனத் தமிழில் சொல்லலாம். வஃப்த்ரூத்னிர் ஓர் இராட்சதன். வடபுலத்துப் பழங்கதைகளின் பெரும்பரப்பில் சிறு இடமே பெற்றவன். அவனோடு அறிவுப் போட்டி நிகழ்த்தி வென்றவனோ, அம்மக்கள் தம் பழஞ்சமயத்தில் தெய்வங்களுக்கெல்லாம் தலைவனாகக் கொண்டிருந்த ஓடின். வெற்றி ஓடினுக்கு, பாடலின் பெயர் வஃப்த்ரூத்னிருக்கு. இப்பங்கீடு தற்செயலானதா? அன்றிப் பாடலின் உள்ளிருந்தே பிறந்த தீர்ப்பா? ஊன்றிப் படிப்பார்க்கு இவ்வினா எழாமற் போகாது.

பாடியவர் பெயர் கிடைத்திலது. பாடல் முழுவதையும் நமக்குக் காத்துத் தந்தது 'கோடெக்ஸ் ரெகியுஸ்', அதாவது அரசர் சுவடி, எனப்படும் தோற்சுவடியாகும். ஏறத்தாழ 1270-ஆம் ஆண்டளவில் அது ஐஸ்லாந்தில் எழுதப்பெற்றது. அத்தீவினர் கிறித்துவத்தை ஏற்றதோ 1000-ஆம் ஆண்டை ஒட்டி. ஆகவே, சுவடியை எழுதியவர் ஓடினை வணங்கியவர் அல்லர். அவருடைய பாட்டனும் முப்பாட்டனும்கூட அவனை வணங்கியிரார். முன்னோர் கைவிட்ட ஒரு நம்பிக்கையின் பாடல்களை, அந்நம்பிக்கையில் பங்கில்லாதவர் பொறுமையோடு படியெடுத்து வைத்தார். 1643-இல் அச்சுவடி பிரின்யோல்ஃபுர் ஸ்வெயின்சன் என்னும் பிஷப்பின் கைக்கு வந்தது. 1662-இல் அவர் அதனை டென்மார்க் மன்னருக்கு அனுப்பிவைத்தார். முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் கோபன்ஹேகனில் இருந்துவிட்டு, 1971 ஏப்ரல் 21-ஆம் நாள் அது தாயகம் திரும்பியது. சமயத்தை விட்டவர்கள் அச்சமயம் பெற்ற இலக்கியத்தை அழியவிடவில்லை என்னும் இச்செய்தி, நாம் அப்பாடலை எவ்வாறு அணுகவேண்டும் என்பதையும் உணர்த்துகிறது. நம்புவதற்காக அன்று, அதைப் பாடிய மனிதர் எதை உயர்வென்று கருதினர், எதைத் தாழ்வென்று கருதினர் என்று அறிவதற்காகவே நாம் அதனைப் படிக்கிறோம்.

'இராட்சதன்' என்னும் சொல் நம் மனத்தில் எழுப்பும் உருவம் வேறு. 'யோட்டுன்' என்று ஐஸ்லாந்துக் கதைகள் கூறும் இனத்தின் தன்மை வேறு. யோட்டுன்கள் வெறும் உடல்வலி படைத்த முரடர் அல்லர். அக்கதைகளின்படி உலகில் முதலில் தோன்றிய இனம் அவர்களுடையது. தெய்வங்கள் என்போர் பின்வந்தவர். ஓடினைப் பெற்ற தாயான பெஸ்த்லாவே ஓர் இராட்சதன் மகள்தான். மண்ணும் மலையும் கடலும் உருவானது ஈமிர் என்னும் முதல் இராட்சதனின் உடலிலிருந்து என்பது அக்கதை. ஆகவே, பழைமையைப் பற்றிக் கேட்டறிய விரும்புவோர் இராட்சதரிடமே செல்லவேண்டும். பகைவன் வீட்டில்தான் பழைய ஏடு இருக்கிறது என்பது போன்ற நிலை இது. வஃப்த்ரூத்னிர் அவ்வினத்தின் தலைசிறந்த அறிஞன். சிக்கலான வினாக்களைப் பின்னுவதில் வல்லவன் என்று அவன் பெயருக்கு அறிஞர் பொருள் கூறுவர்.

பாடல் ஓடினின் இல்லத்தில் தொடங்குகிறது. வஃப்த்ரூத்னிரோடு பழைய செய்திகளில் அறிவைப் பொருதிப் பார்க்க ஆவல் மிகுகிறது என்று அவன் தன் மனைவி ஃப்ரிக்கிடம் கூறுகிறான். அவளோ அவனை வீட்டிலேயே இருத்திக்கொள்ள விரும்புகிறாள். அந்த இராட்சதனுக்கு நிகரான ஆற்றல் வேறெவர்க்கும் இல்லை என்பது அவள் அச்சம். தான் பலவிடம் திரிந்ததையும் பலவற்றைச் சோதித்ததையும் எடுத்துக் கூறி அவன் புறப்படுகிறான். நலமாகப் போய் நலமாகத் திரும்புமாறு வாழ்த்தி அவள் வழியனுப்புகிறாள். ஐம்பத்தைந்து செய்யுள் கொண்ட இப்பாடலில் கதை கூறுவோன் வாயாக வருவது ஐந்தாம் செய்யுள் ஒன்றே. ஓடின் அந்த மாளிகையை அடைந்தான் என்பதை அது சொல்கிறது. ஏனைய யாவும் உரையாடலே.

மாளிகையில் நுழைந்த ஓடின் தன் உண்மைப் பெயரை மறைத்துக் 'கக்ன்ராத்' என்று சொல்லிக்கொள்கிறான். நெடுவழி நடந்து தாகத்தோடு வந்தவன் என்றும், விருந்தோம்பல் நாடி வந்தவன் என்றும் கூறுகிறான். இராட்சதனின் முதற்சொல் கடுமையானதுதான்: அறிவில் என்னை மிஞ்சினாலன்றி இங்கிருந்து வெளியேற மாட்டாய் என்கிறான். ஆயின், வந்தவன் வழிப்போக்கன் என்று அறிந்ததும் அவன் குரல் மாறுகிறது. ஏன் தரையில் நின்று பேசுகிறாய், வந்து அமர் என்று அழைக்கிறான். ஓடின் அமரவில்லை. வறியவன் செல்வன் வீட்டில் அளவறிந்து பேசுதல் வேண்டும் என்று பணிவு காட்டி நின்றபடியே இருக்கிறான்.

இங்கே நாம் சற்றே நின்று இருவரையும் எடைபோடவேண்டும். வீட்டுக்குரியவன் தன் பெயரையும் தகுதியையும் ஒளிக்காது அமர்ந்திருக்கிறான். வந்தவனோ பெயரையும் ஒளித்து, நோக்கத்தையும் ஒளித்து, வறியவன் வேடத்தையும் புனைந்து நிற்கிறான். புலவர் இதைப் பற்றி ஒரு சொல்லும் விமரிசனமாகக் கூறவில்லை. உரையாடலை மட்டும் நம் முன் வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார். ஆயினும் முதற்பகுதியிலேயே தராசின் தட்டு ஒருபுறம் சாயத் தொடங்கிவிடுகிறது.

நிற்பவனை நோக்கி வஃப்த்ரூத்னிர் நான்கு வினாக்கள் தொடுக்கிறான். பகலை இழுத்துவரும் குதிரை எது? இரவை இழுத்துவரும் குதிரை எது? தெய்வங்களின் நிலத்தையும் இராட்சதரின் நிலத்தையும் பிரிக்கும் ஆறு எது? இறுதிப் போர் நிகழப்போகும் வெளி எது? ஒளிப்பிடரிக் குதிரையாகிய ஸ்கின்ஃபாக்ஸி, உறைபனிப் பிடரிக் குதிரையாகிய ஹ்ரீம்ஃபாக்ஸி, என்றும் உறையாத இஃபிங் ஆறு, விக்ரீத் வெளி என்று ஓடின் பிழையின்றி விடையிறுக்கிறான். இரவுக் குதிரையின் கடிவாளத்திலிருந்து வழியும் நுரையே பள்ளத்தாக்குகளில் விடியற்காலைப் பனித்துளியாகிறது என்று அவன் சொல்லுமிடம் நயமானது.

இந்நான்கு வினாக்களின் தன்மையை உற்று நோக்குக. இவை எளியன அல்ல, ஆயின் நேர்மையானவை. கற்றவர் எவரும் அறிந்திருக்கக்கூடியவை. கேட்பவனுக்கு மட்டுமே தெரிந்த அந்தரங்கம் எதுவும் இவற்றில் இல்லை. விடைகளைக் கேட்டதும் இராட்சதன் மகிழ்ந்து, நீ அறிவுடையவன், வந்து என் அருகில் அமர் என்கிறான். அதன் பின்னரே தலையைப் பணயமாக வைக்கும் பேச்சு எழுகிறது. பணயத்தை முன்மொழிபவன் அவனே என்பதை மறைக்க வேண்டியதில்லை. அவனிடம் செருக்கு உண்டு. ஆனால் நிற்பவனைத் தரையில் வைத்தே பணயம் பேசவில்லை. தனக்கு நிகராக இருக்கையில் இருத்திய பிறகே பேசினான். ஒருவன் தலைக்கு ஒருவன் தலை என்னும் சமநிலை அவன் வகுத்ததே.

இனி வினவும் முறை ஓடினுடையது. முதல் வினா, இரண்டாம் வினா என எண்ணிட்டுப் பன்னிரண்டு வினாக்கள் கேட்கிறான். மண்ணும் வானும் எவ்வாறு வந்தன? திங்களும் ஞாயிறும் எங்கிருந்து வந்தன? பகலும் இரவும், குளிரும் கோடையும் யாருடைய மக்கள்? இராட்சத இனத்தின் முதல்வன் யார். அவன் எதிலிருந்து தோன்றினான்? உன் நினைவில் மிகப் பழையது எது? காற்று எங்கிருந்து வீசுகிறது? ஒவ்வொன்றுக்கும் தயக்கமின்றி விடை வருகிறது. வானத்தின் விளிம்பில் கழுகு வடிவில் அமர்ந்திருக்கும் ஹ்ரேஸ்வெல்க் என்னும் இராட்சதனின் சிறகடிப்பே காற்று என்கிறான். பன்னிரண்டாவது வினா, இவ்வளவும் நீ எவ்வாறு அறிந்தாய் என்பது. எல்லா உலகங்களுக்கும் சென்றிருக்கிறேன். மாண்டவர் செல்லும் ஆழத்துக்கும் கீழே ஒன்பது உலகங்கள் வரை சென்று கற்றேன் என்கிறான் இராட்சதன். அவன் அறிவு பிறப்பால் வாய்த்ததோ வரத்தால் வாய்த்ததோ அன்று. நடந்து, கண்டு, கேட்டுப் பெற்ற அறிவு.

பன்னிரண்டோடு எண்ணிக்கை நிற்கிறது. வினாக்களின் முகப்பு மாறுகிறது. 'பலவிடம் திரிந்தேன், பலவற்றைச் சோதித்தேன்' என்னும் பொருள்பட ஓடின் ஒவ்வொரு வினாவையும் தொடங்குகிறான். வீட்டிலிருந்து புறப்படும்போது மனைவியிடம் அவன் சொன்ன அதே சொற்கள் இவை. வழிப்போக்கனின் குரல் மறைந்து, ஓடினின் சொந்தக் குரல் எட்டிப் பார்க்கிறது. எதிரில் இருப்பவன் இதை உணர்ந்தானா என்பதைப் புலவர் கூறவில்லை. உணர்ந்திருந்தால், அதன்பிறகு அவன் அளித்த விடைகள் இன்னும் வியப்புக்குரியவை.

இப்போது வினாக்கள் வருங்காலத்தைப் பற்றியன. கொடுங்குளிர் உலகை மூடியபின் மனிதரில் எஞ்சுவோர் யார்? லிஃப், லிஃப்த்ராசிர் என்னும் இருவர். ஹோத்மீமிரின் காட்டில் ஒளிந்து, காலைப் பனித்துளியை உணவாகக் கொண்டு வாழ்வர். அவர்களிடமிருந்து தலைமுறைகள் தோன்றும். ஓநாய் ஞாயிற்றை விழுங்கியபின் வானில் ஒளி ஏது? விழுங்கப்படுமுன் ஞாயிறு ஒரு மகளைப் பெற்றிருப்பாள். தாய் சென்ற பாதையில் மகள் செல்வாள். நெருப்பு அடங்கியபின் தெய்வங்களில் ஆள்வோர் யார்? அடுத்த தலைமுறையினர். இவ்வாறு செல்லும் வரிசையில் ஐந்தாவதாக ஓடின் கேட்கிறான்: ஓடினின் முடிவு யாது?

தன் சாவைப் பற்றித் தானே பிறன்போல் நின்று கேட்கும் வினா இது. ஓநாய் அவனை விழுங்கும் என்றும், மகன் விதார் அதன் தாடையைப் பிளந்து பழிதீர்ப்பான் என்றும் வஃப்த்ரூத்னிர் விடையளிக்கிறான். அதில் பகைவனின் களிப்பு இல்லை, மிகைப்படுத்தலும் இல்லை. அழிவைச் சொன்ன அதே மூச்சில், மகன் பழிதீர்ப்பான் என்னும் ஆறுதலையும் சொல்கிறான். தெரிந்ததைத் தெரிந்தவாறு சொல்வதே அறிஞனுக்கு அழகு என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

அடுத்து வருவதே இறுதி வினா. ஓடினின் மகன் பால்டர் இறந்து, உடல் சிதையில் ஏற்றப்படுமுன், தந்தை அவன் காதில் சொன்னது யாது?

வஃப்த்ரூத்னிர் அக்கணமே எதிரில் இருப்பவன் யார் என்று அறிந்துகொள்கிறான். அதை உன்னையன்றி எவரும் அறியார் என்கிறான். சாவு விதிக்கப்பட்ட வாயால் இதுவரை பேசினேன், ஓடினோடு அறிவைப் பொருதினேன், என்றும் அறிவில் மிக்கவன் நீயே என்று சொல்லி அமைகிறான். பாடல் அத்தோடு முடிகிறது. தலை வெட்டப்பட்டதா என்பது சொல்லப்படவில்லை. ஓடினுக்கு வெற்றிச்சொல் தரப்படவில்லை. இறுதிச்சொல்லும் தோற்றவனுக்கே உரியதாகிறது.

இவ்விறுதி வினா முறையானதா? முறையன்று என்பதே நம் கருத்து. பதினேழு வினாக்கள் அறிவைச் சோதித்தன. பதினெட்டாவது அறிவைச் சோதிக்கவில்லை. இறந்தவன் காதில் சொல்லப்பட்ட சொல்லைச் சொன்னவனன்றி எவன் அறிவான்? ஒன்பது உலகங்களைத் தேடித் திரிந்தாலும் கிடைக்காத ஒன்றைக் கேட்டு ஒருவனை வெல்வது, பூட்டிய பெட்டியின் சாவியைத் தன் மடியில் வைத்துக்கொண்டு பிறனைத் திறக்கச் சொல்வது போன்றதாகும். அறிவு என்பது தேடுவார்க்கு எட்டக்கூடியது. இரகசியம் என்பது உடையவன் தந்தாலன்றி எட்டாதது. இரண்டையும் ஒன்றாக்கிப் பெறும் வெற்றியை அறிவின் வெற்றி என்று எவ்வாறு கூறுவது? வினா என்பது பிறன் அறிந்ததை வெளிக்கொணர எழலாம். பிறனை வீழ்த்தவும் எழலாம். ஆசிரியனும் வழக்காடுவோனும் சபையில் வாதிடுவோனும் அன்றாடம் எதிர்கொள்ளும் வேறுபாடு இது.

எனினும் ஓடின் பக்கத்து நியாயத்தையும் கேட்காமல் தீர்ப்புக் கூறுவது முறையாகாது. வினாக்களின் வரிசையை நோக்குக. உலகின் முடிவைக் கேட்டான். தன் முடிவைக் கேட்டான். பழிதீர்க்கும் மகனின் பெயரைக் கேட்டதும் இறந்துபோன மகனின் நினைவு எழுகிறது. வருங்காலத்தை நோக்கிச் சென்ற பேச்சு சட்டென்று சிதையருகில் வந்து நிற்கிறது. அவ்வினா சூழ்ச்சி மட்டும் அன்று, ஒரு தந்தையின் ஆறாத துயரமும் ஆகும் என்று கொள்ள இடமுண்டு. வேண்டிய செய்தி கிடைத்துவிட்டது. இனித் தான் யார் என்பதை வெளிப்படுத்திப் போட்டியை முடிக்க அவனுக்கு வேறு வழியில்லை என்றும் கூறலாம். இந்நியாயம் ஓடினின் மனத்தை விளக்குகிறது. அவன் செயலை நேராக்கவில்லை. துயரம் உண்மையானது என்பதால், அதைக் கருவியாக்கி அடுத்தவன் தலையைப் பணயத்தில் வெல்வது நேர்மையாகிவிடாது.

இதே வினா மற்றொரு நூலிலும் வருகிறது. ஹெர்வாரர் சாகாவில் ஹெய்த்ரெக் என்னும் மன்னனிடம், கெஸ்தும்ப்ளிந்தி என்பவன் வடிவில் வந்த ஓடின் பல விடுகதைகள் போடுகிறான். மன்னன் எல்லாவற்றையும் விடுவிக்கிறான். இறுதியில் பால்டரின் காதில் சொன்னது என்ன என்று ஓடின் கேட்கிறான். மன்னன் வெகுண்டு, திர்ஃபிங் என்னும் வாளை உருவி வீசுகிறான். ஓடின் பருந்தாகிப் பறக்க, வாள் வாலிறகுகளைத் தறிக்கிறது. நீ இழிந்த அடிமைகளால் சாவாய் என்று சபித்து ஓடின் போகிறான், அவ்வாறே நிகழ்கிறது. மன்னனின் சினத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஏமாற்றப்பட்டவன் சினப்பது இயற்கையே. ஆயின் இவ்விரண்டு தோல்விகளையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போதுதான் வஃப்த்ரூத்னிரின் உயரம் தெரிகிறது. அவனும் ஏமாற்றப்பட்டவனே. பகைவன் தன் வீட்டுக்குள், தன் கைக்கு எட்டும் தொலைவில் அமர்ந்திருக்கிறான். ஆயினும் அவன் வாளைத் தேடவில்லை. வினா முறையற்றது என்று வழக்காடவுமில்லை. தான் வகுத்த விதிக்குத் தானே கட்டுப்படுகிறான். முடிசூடிய மன்னனிடம் காணாத மாண்பை இராட்சதனிடம் காட்டிய புலவரை நாம் பாராட்டாமல் இருக்க முடியாது.

விடையில்லாத இறுதி வினா இருபதாம் நூற்றாண்டு வரை வந்திருக்கிறது. பழைய ஐஸ்லாந்து இலக்கியத்தை ஆழக் கற்ற ஆங்கிலப் பேராசிரியர் டோல்கீன் 1937-இல் வெளியிட்ட 'தி ஹாபிட்' என்னும் கதையில், இருட்குகையில் நடக்கும் விடுகதைப் போட்டி தன் சட்டைப்பையில் இருப்பது என்ன என்னும் வினாவோடு முடிகிறது. அது விடுகதையே அன்று என்று எதிரி முறையிடுவதையும் அவர் எழுதியிருக்கிறார். வஃப்த்ரூத்னிர் எழுப்பாத முறையீட்டை, பின்வந்த ஓர் எழுத்தாளர் வேறொரு பாத்திரத்தின் வாயில் வைத்தார் போலும்.

வஃப்த்ரூத்னிர் தோற்றான், அவன் மொழி தோற்கவில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஐஸ்லாந்து அறிஞர் ஸ்னோரி ஸ்துர்லுசன் பழங்கதைகளைத் தொகுத்து உரைநடையில் எழுதியபோது, உலகத் தோற்றத்துக்கும் முடிவுக்கும் மேற்கோளாக எடுத்துக்கொண்டவற்றுள் இவ்விராட்சதனின் செய்யுட்களும் உண்டு. ஸ்னோரியின் நூலும் ஒரு வினாவிடை நூலே. வேடம் பூண்ட மன்னன் ஒருவன் அதில் வினவுகிறான். அறிவில் மிக்கவனாக இருந்தாலன்றி நலமாக வெளியேற மாட்டாய் என்னும் எச்சரிக்கை அங்கும் வருகிறது. ஆனால் ஸ்னோரியிடம் வினவுபவன் நிற்கவேண்டும், விடை சொல்பவன் அமர்ந்திருப்பான் என்பது விதி. வஃப்த்ரூத்னிரோ வந்தவனைத் தன்னருகே இருத்தி, சம இருக்கையில் இருந்தே எல்லாவற்றையும் சொன்னவன்.

பாடலிலிருந்து வஃப்த்ரூத்னிரின் விடைகளை நீக்கிவிட்டால் எஞ்சுவது என்ன? வினாக்களும் நான்கு சிறு விடைகளும் மட்டுமே. வென்றவன் கேட்டான், தோற்றவன் கொடுத்தான். கொடுத்தவன் பெயராலேயே பாடல் வழங்குவது தகுதியானதே. இன்னொன்றும் உண்டு. பால்டரின் காதில் ஓடின் சொன்ன சொல் எது என்பதை நமக்குக் கிடைத்துள்ள பழைய நூல் எதுவும் வெளியிடவில்லை. எழுநூற்றைம்பது ஆண்டுகளாக அச்சுவடியைப் படிப்போர் யாவரும், கற்றவராயினும் கல்லாதவராயினும், அவ்விடத்துக்கு வந்ததும் வாய்மூடி நிற்கவேண்டியதுதான். ஓடினின் வெற்றியில் நமக்குப் பங்கில்லை. அந்தப் பழைய மாளிகையின் இருக்கையில், தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொண்ட இராட்சதன் பக்கத்தில்தான் நமக்கும் இடம் போடப்பட்டிருக்கிறது.